இடது மட்கார்டு சொன்ன சாட்சி

வெற்றிவேலின் ஜீப் கொட்டகையில் அன்று காலை இருந்தவர்கள் இவர்கள்: வாணியம்பாடியில் மூன்று தலைமுறையாகத் தோல் வியாபாரம் செய்யும் குடும்பத்தின் மூத்தவர் ஃபரூக் சாகிப். அவருடைய மகன் வயிற்றுப் பேரன் ஹுசைஃபா. காவலூர் மலையில் ஓடும் ஷேர் ஜீப்புகளுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கும் வெற்றிவேல். சாமை விதைத்துப் புளி உலுக்கிப் பிழைக்கும் மலைக்காரன் அர்ச்சுனன். வேலூரிலிருந்து வந்த துப்பறிவாளர் ரேணுகாதேவி. அவளுடைய உதவியாளன், உடம்பிலும் வாயிலும் தாராளமான கோகுல்ராஜ். இவர்களோடு அந்தக் காரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் அன்று முதலில் உண்மை பேசியது அதுதான்.

கார் என்றால் நாலு பேர் ஏறிப் போகும் கார் இல்லை. இரண்டே இருக்கை, நீண்ட மூக்கு, மேல்கூரை கிடையாது. ஃபரூக் சாகிபின் தகப்பனார் சீமையிலிருந்து கப்பலில் வரவழைத்த ஸ்போர்ட்ஸ் கார். கம்பி பின்னிய சக்கரங்கள்கூட அன்று வந்தவையே. அந்தக் கார் இப்போது இடது விளக்கு நொறுங்கி, இடது கதவு உள்வாங்கி, கழற்றிப் போட்ட ஜீப் எஞ்சின்களுக்கு நடுவில் நின்றது. அதன் முன்னால் நிற்க ஃபரூக் சாகிபுக்குக் கூசியது. அர்ச்சுனன் முகத்தைப் பார்க்க அதைவிடக் கூசியது.

போன வாரச் சந்தையன்று ஹுசைஃபா காவலூரிலிருந்து ஆலங்காயத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தான். ஒரு வலப்பக்க வளைவில் கார் திரும்ப மறுத்து, ஓரத்துக் கட்டைச் சுவரில் போய் இடித்தது. பின்னால் வந்த ஷேர் ஜீப்காரர்கள் பார்த்தபோது, அர்ச்சுனனின் மனைவி மங்கம்மாள் சுவருக்கும் காருக்கும் நடுவில் கால் முறிந்து கிடந்தாள். பொழுது சாய்வதற்குள் மலை முழுவதும் செய்தி பரவிவிட்டது: வாணியம்பாடி சாயபு வீட்டுப் பையன் மங்கம்மாளைக் காரால் இடித்துவிட்டான்.

ஹுசைஃபா மறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து அவன் சொன்னது ஒரே வார்த்தை. "ஸ்டியரிங் திரும்பல, தாதா."

அந்த ஒரு வார்த்தையில் பெரியவரின் தூக்கம் போயிற்று. ஏனென்றால் அந்தக் காருக்குப் புது டயர் தேர்ந்தெடுத்தது அவர்.

"இன்னாங்க சாயபு, பாத்துக்கினே நின்னா எப்பிடி?" என்றான் அர்ச்சுனன். "இன்னிக்கு சாயந்திரம் வரிக்கும்தான் பொறுப்பேன். அதுக்கு மேல ஆலங்காயம் டேசன்ல எழுதிக் குடுத்துட்டு வந்துடுவேன்."

"சாயங்காலம் உன் வூட்டு வாசல்ல வந்து நின்னு, யார் தப்புன்னு நானே சொல்றேன்" என்றார் ஃபரூக் சாகிப். "அதுக்குத்தான் இந்தம்மாவைக் கூட்டிட்டு வந்திருக்கேன். பேரன் தப்புன்னா பேரன் தப்பு. என் தப்புன்னா என் தப்பு. எங்க குடும்பத்துல தப்பை மறைச்சு மானம், இஜ்ஜத்தைக் காப்பாத்தற பழக்கம் கிடையாது."

கம்பீரமாகத்தான் சொன்னார். சொல்லி முடித்ததும் காரைப் பார்க்காமல் நகர்ந்து வெயிலில் போய் நின்றார்.

"தாதா, வெயில்ல நிக்காதீங்க" என்றான் ஹுசைஃபா.

கோகுல்ராஜ் ரேணுகாவின் காதருகே குனிந்தான். "மேடம், தாதாங்கறான். எந்த ஏரியா?"

"உருதுல அப்பாவோட அப்பா. நீ வேலையப் பாரு."

"நல்லவேளை. நான் பயந்துட்டேன்."

ரேணுகாதேவி காரைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். மெலிந்த உருவம், பருத்திப் புடவை, காலில் ரப்பர் செருப்பு. தொழில் பெரும்பாலும் கல்யாண விசாரணைதான் என்று கோகுல்ராஜ் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தான். இப்படிப்பட்டவளிடம் குடும்பப் பேரை ஒப்படைத்தோமே என்று ஃபரூக் சாகிபுக்கு ஒரு கணம் உறுத்தியது.

"டயர் கதையைச் சொல்லுங்க பாய்" என்றாள் அவள்.

அவர் சொன்னார். பழைய டயர் கெட்டித்துக் கல்லாகிவிட்டது. அதே அளவு இப்போது கடைகளில் வருவதில்லை. வாணியம்பாடி டயர் கடையில் ஹுசைஃபா போனைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடினான். பழைய டயர் அகலம் நூற்று அறுபத்தைந்து மில்லிமீட்டர். இந்தச் சக்கரத்துக்கு நூற்று எழுபத்தைந்து போதும், அதற்கு மேல் வேண்டாம் என்றான். கடைக்காரர் நூற்றுத் தொண்ணூற்றைந்தும் உட்காரும், ஆனால் குறுகிய சக்கரத்தில் அகல டயர் கொஞ்சம் வயிறு தள்ளும் என்றார். அகலம் வேண்டுமானால் சக்கரத்தையும் அகலமாக மாற்றிவிடுங்கள் என்றும் சொன்னார்.

"சக்கரத்தை ஏன் மாத்தல?"

"அது என் தகப்பனார் தொட்ட சக்கரம்."

"சரி, அகல டயர் ஏன்?"

ஃபரூக் சாகிபுக்குப் பழைய சிரிப்பு ஒன்று நினைவுக்கு வந்தது. பெங்களூரில் பழைய கார்களின் கண்காட்சி ஒன்றில், யாரோ ஒரு சின்னப் பயல் அவர் காரைச் சுற்றி வந்து, 'உடம்பு துரை மாதிரி இருக்கு, கால்தான் கொக்குக் கால்' என்று சிரித்திருந்தான். அந்தச் சிரிப்பு அவரோடு வாணியம்பாடி வரை வந்தது. டயர் கடைக்குள்ளும் வந்தது.

"அழகுக்காக" என்றார் கடைசியில்.

"மாட்டினப்புறம் ஒரசுதான்னு பாத்தீங்களா?"

"பாக்காம எடுப்பனா? ஹுசைஃபா உக்காந்து ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் கடைசி வரிக்கும் ஒடிச்சான். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல ஒரு விரல் எடம் இருந்துச்சு. நானே விரலை வுட்டுப் பாத்தேன்."

ரேணுகா இடது முன்சக்கரத்தின் அருகே உட்கார்ந்தாள். கைக்குட்டையை விரலில் சுற்றி மட்கார்டின் உள்விளிம்பைத் துடைத்தாள். துணியில் கறுப்பாக ரப்பர் பொடி ஒட்டியது. விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குப் பெயிண்ட் தேய்ந்து தகடு பளபளத்தது.

வலது சக்கரத்துக்குப் போய் அதேபோலத் துடைத்தாள். கைக்குட்டையில் மண்தான் வந்தது. பெயிண்ட் அப்படியே இருந்தது.

"வெற்றிவேல், ஸ்டியரிங் இப்ப திரும்புதா?"

"திரும்புதுங்க. வெளக்குதான் போச்சு. சக்கரம், அச்செல்லாம் நேராத்தான் இருக்குது."

வெற்றிவேல் வெளியே நின்றபடியே கையை உள்ளே விட்டு வலப்பக்கம் முழுக்கத் திருப்பினான். இடது டயர் மட்கார்டைத் தொடவில்லை. ஒரு விரல் இடம் இருந்தது. பிறகு ரேணுகா ஹுசைஃபாவை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொன்னாள். மறுபடி திருப்பினார்கள். அப்போதும் ஒரு விரல்.

"காலிக் கார் ஒரசல. நீ உக்காந்தும் ஒரசல. அப்ப இது எப்ப ஒரசுச்சு தம்பி?"

"எறக்கம் மேடம். பிரேக் போட்டேன். மூக்கு குத்துச்சு. வலப்பக்கம் திருப்பறப்ப பாரமெல்லாம் இடப்பக்கம் சாய்ஞ்சுது."

"சாயும். ஒத்துக்கறேன். ஆனா அந்த வளைவுக்கு மேல இடப்பக்கம் திரும்பற வளைவும் இருக்கே? நாங்க ஏறி வர்றப்பவே பாத்தோம். அங்க பாரம் வலப்பக்கம் சாய்ஞ்சிருக்கணும். வலப்பக்கம்தான் நீயும் உக்காந்திருந்த. ஒரசறதா இருந்தா வலது மட்கார்டுதான் மொதல்ல ஒரசியிருக்கணும். அது கல்யாணப் பொண்ணு மாதிரி அப்படியே கீது."

கோகுல்ராஜ் தலையாட்டினான். "மேடம் கல்யாண விசாரணைய வுட மாட்டாங்க."

"கோகுல், இடப்பக்க சீட்ல உக்காரு."

"அங்க வேணாம்!"

ஃபரூக் சாகிபின் குரலில் தகரக் கூரையே அதிர்ந்தது. கதவைத் திறக்கப் போன கோகுல்ராஜ் கையைச் சுட்டுக்கொண்டவன்போல் இழுத்துக்கொண்டான்.

எல்லோரும் பெரியவரைப் பார்த்தார்கள். ஹுசைஃபா மட்டும் தரையைப் பார்த்தான்.

"அது என் பீவி கௌசரோட எடம்" என்றார் அவர், குரலை இறக்கி. "அவ மௌத்தாகிக் கண்ணை மூடினதுல இருந்து அதுல யாரும் உக்கார்றதில்ல. எங்க வூட்டுல எல்லாருக்கும் தெரியும். நானே உக்கார்றதில்ல."

ரேணுகா எழுந்து நின்றாள். அவள் குரலில் பரிவு இருந்தது. ஆனால் கேள்வியை அவள் விடவில்லை.

"டயர் கடையில பரிசோதிச்சப்பவும் உக்காரல. அப்படித்தான?"

அவர் இடது இருக்கையைப் பார்த்தார்.

கடைக்காரர் கேட்டார்தான். 'யாரையாவது பக்கத்துல உக்கார வெச்சுப் பாப்போம் பாய், பாரம் ஏறினா எறங்கும்' என்று. அவர் கையை அசைத்து மறுத்ததும் நினைவுக்கு வந்தது. அகலமான டயரைத் தேர்ந்தெடுத்தது ஒரு தப்பு. அது பொருந்துகிறதா என்று பார்க்க விடாமல் தடுத்தது இன்னொரு தப்பு. இரண்டாவது தப்பு இத்தனை நாளும் அவர் கண்ணிலேயே படவில்லை. அதை மரியாதை என்றல்லவா அவர் நினைத்துக்கொண்டிருந்தார்!

"உக்காருப்பா" என்றார் கோகுல்ராஜைப் பார்த்து. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கோகுல்ராஜ் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கோயில் படி ஏறுகிறவன்போல் ஏறி உட்கார்ந்தான். கார் இடப்பக்கமாகப் பெருமூச்சு விட்டு இறங்கியது. ஹுசைஃபா ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தான். பாதி தூரம் வந்ததும் கறக்கென்று ஒரு சத்தம். ஸ்டியரிங் அங்கேயே நின்றது. டயரின் உப்பிய வயிறு மட்கார்டின் விளிம்பைக் கவ்விக்கொண்டிருந்தது. பளபளத்த அந்த ஒரு சாண் தகடு எங்கே இருந்ததோ, சரியாக அங்கே.

"என் உடம்பு சாட்சி சொல்லும்னு எங்கம்மா நம்பவே மாட்டாங்க" என்றான் கோகுல்ராஜ்.

"எறங்கு." ரேணுகா தானே ஏறி அதே இருக்கையில் உட்கார்ந்தாள். மறுபடி திருப்பச் சொன்னாள். இப்போது டயர் தொடவில்லை. மயிரிழை இடம் இருந்தது.

"ஆக, அன்னிக்கு இந்தத் தம்பி தனியா வரல. பக்கத்துல ஒருத்தர் இருந்தாங்க. என்ன மாதிரி ஒல்லி இல்ல. கோகுல் மாதிரி கனம்."

ஹுசைஃபாவின் காது மடல் சிவந்தது. ஃபரூக் சாகிபின் மனத்தில் கேள்விகள் முட்டின. எந்தப் பெண்? யார் வீட்டுப் பெண்? ஊர் என்ன பேசும்? அடுத்த கணமே அந்த எண்ணத்துக்காகத் தன்னையே நொந்துகொண்டார். ஒருத்தி காலொடிந்து கிடக்கிறாள். இவருக்கு முதலில் வருவது ஊர்ப் பேச்சு.

"யார்னு சொல்லு பேட்டா."

"மன்னிச்சுடுங்க தாதா" என்றான் பேரன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி குனிந்துகொண்டான்.

அர்ச்சுனன் பாய்ந்து வந்தான். "பாத்தீங்களா? கூட்டாளிய ஏத்திக்கினு கூத்தடிச்சுட்டு வந்திருக்கான்! இல்லன்னா யாராவது பொண்ணு..."

"பொண்ணா இருந்தா என் சைஸ்ல இருக்கணும்ணே" என்றான் கோகுல்ராஜ். "அப்படி ஒரு பொண்ணு கெடச்சா எனக்குச் சொல்லுங்க. நானும் ரொம்ப நாளாப் பாத்துக்கினு இருக்கேன்."

ரேணுகா அர்ச்சுனன் பக்கம் திரும்பினாள். "ஒண்ணு கேக்கறேன். உங்க வூட்டுக்காரி சந்தைக்குப் புளி எடுத்துட்டுப் போனாங்க இல்ல? அந்தப் புளி இன்னா ஆச்சு?"

"புளிக்கு இன்னா? வூட்டுலதான் கீது. ஒரே மூட்டை. பெரிய மூட்டை. ஜீப்காரன் அவள எறக்கறப்பவே அதையும் எறக்கிட்டுப் போனான்."

"மூட்டை கிழிஞ்சிருந்துச்சா? புளி சிதறிச்சா?"

"இல்லியே. கட்டின கயிறுகூட அவுரல."

"ஆஸ்பத்திரில இன்னா சொன்னாங்க உங்க வூட்டுக்காரி?"

அர்ச்சுனன் தலையைச் சொறிந்தான். "கேட்டவங்ககிட்டலாம் வுழுந்துட்டேன், வுழுந்துட்டேன்னுதான் சொன்னா. பயந்துட்டா பாவம். பெரிய எடத்து ஆளுங்கன்னு."

ரேணுகா முந்தானையை இழுத்துச் செருகினாள். "அந்த மூட்டைய நான் பாக்கணும். தம்பி இங்கேயே காரோட இருக்கட்டும். வெற்றிவேல், ஜீப்பை எடுங்க."

ஜீப் சாமைத் தட்டைகள் குவிந்த களங்களைத் தாண்டி மண் பாதையில் குலுங்கியது. முன்னால் அர்ச்சுனனும் வெற்றிவேலும் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். பின்னால் ஃபரூக் சாகிப் முதுகை ஜீப்பின் பக்கத்தில் சாய்க்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு பள்ளத்திலும் தலை கூரையில் இடித்தது. அவர் குனியவில்லை.

"சாஞ்சு உக்காருங்க பாய், ரோடு மோசம்" என்றான் கோகுல்ராஜ்.

"பரவால்ல."

"பாய் ஒரு தடவ சாஞ்சா இந்த மலையே ஆச்சரியப்படும் மேடம்."

ரேணுகா சிரிக்கவில்லை. பெரியவர் பக்கம் சற்று நகர்ந்து, ஜீப் இரைச்சலுக்குள் அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "தலைமேல மூட்டையோட ஒரு பொம்பள ரோட்டுல நடக்கறா. கார் வந்து இடிக்குது. கால் ஒடியுது. மூட்டை மட்டும் கயிறு அவுராம வூடு வந்து சேருது. நம்புவீங்களா பாய்?"

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"மங்கம்மா பாதி, புளி மூட்டை பாதி" என்றான் கோகுல்ராஜ் மெதுவாக. "ரெண்டையும் கூட்டினா நான்."

"ஆனா ஏன்?" என்றார் ஃபரூக் சாகிப். "வண்டியில ஏத்திட்டு வந்தேன்னு சொல்றதுல இன்னா அவமானம்? இடிச்சுட்டான்னு ஊரே பேசுது, வாயை மூடிக்கினு நிக்கறானே!"

"அதத்தான் கேக்கப் போறோம்."

அர்ச்சுனனின் வீடு ஓட்டு வீடு. கதவருகே கயிற்றுக் கட்டிலில் மங்கம்மாள் காலில் மாவுக்கட்டோடு சாய்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். விருந்தாளிகளைக் கண்டதும் எழப் பார்த்தாள். அர்ச்சுனன் மோர் வாங்கி வருகிறேன் என்று பக்கத்து வீட்டுக்குப் போனான். வெற்றிவேலும் கூடப் போனான்.

"இந்தம்மா வேலூர்ல இருந்து வந்திருக்காங்க" என்றான் கோகுல்ராஜ். "நான் இவங்களுக்கு எடுபிடி. பெரியவர் டயர் விஷயமா வந்திருக்காரு."

பொய்யில்லை. ஃபரூக் சாகிபும் அதைத் திருத்தவில்லை.

மூலையில் மூட்டை இருந்தது. கோகுல்ராஜ் அதைத் தூக்கிப் பார்த்து 'அம்மாடி' என்று கீழே வைத்தான். ரேணுகா கட்டிலின் அருகே உட்கார்ந்தாள்.

"மங்கம்மா, அன்னிக்கு இந்த மூட்டை எங்க இருந்துச்சு? தலைமேலயா, மடிமேலயா?"

மங்கம்மாள் அவளையே பார்த்தாள். கண் கலங்கியது.

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேம்மா. வாக்கு குடுத்துட்டேன்."

"நீ சொல்ல வேணாம். நான் சொல்றேன். நீ ஜீப்புக்காக நின்னுக்கினு இருந்த. அந்தத் தம்பி காரை நிறுத்தி ஏறிக்கச் சொன்னான். மூட்டைய மடியில வெச்சுக்கினு உக்காந்த. சுவத்துல இடிச்சப்ப உன் பக்கத்துக் கதவு நசுங்கிச்சு. உன் கால் போச்சு. தம்பி வண்டியப் பின்னால நகத்தி உன்னைச் சுவத்தோரமா எறக்கி வெச்சான். ஜீப்காரங்க வந்து பாத்துட்டு அவங்களா ஒண்ணு நெனச்சுக்கினாங்க. சரியா?"

"எல்லாம் பாத்தாப்பல சொல்றியே தாயி."

"ஒண்ணுதான் தெரியல. வாக்கு எதுக்கு?"

மங்கம்மாள் வாசலைப் பார்த்தாள். கணவன் இன்னும் வரவில்லை. ஃபரூக் சாகிபைப் பார்த்தாள். டயர் பார்க்க வந்தவர்தானே என்று நினைத்திருக்க வேண்டும்.

"அந்தப் புள்ள ரோட்டுலயே கையெடுத்துக் கும்பிட்டுச்சும்மா. 'அக்கா, நீங்க இந்த சீட்டுல உக்காந்தது எங்க தாதாவுக்குத் தெரியக் கூடாது'ன்னு அழுதுச்சு. செத்துப்போன அவங்க தாதியோட, அதான் பாட்டியோட, எடமாம் அது. யாரும் உக்கார மாட்டாங்களாம். தாதாவுக்குத் தெரிஞ்சா ஒடைஞ்சு பூடுவாராம். நான் சரின்னுட்டேன். கூட்டம் இடிச்சுட்டான் இடிச்சுட்டான்னு கத்துச்சு. இல்லன்னு சொன்னா, பின்ன எப்பிடின்னு கேப்பாங்க. அதனால வாய மூடிக்கினேன். வூட்டுக்காரருகிட்டகூட சொல்லல."

அவள் மாவுக்கட்டைத் தடவிக்கொண்டாள்.

"அந்தப் புள்ள மேல தப்பு ஒண்ணும் இல்லம்மா. தப்பு என்னுது. கேக்காம கொள்ளாம இன்னொருத்தி எடத்துல போய் உக்காந்துட்டேன். எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா மூட்டையோட நடந்தே போயிருப்பேன். அந்தம்மா எடம் என் கால வாங்கிக்கிச்சு."

ஃபரூக் சாகிப் நின்ற இடத்தில் நின்றார். அவருடைய வாழ்நாளில் அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்ட ஒரு வீட்டுச் சட்டம், முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் வாயில் இப்படித் திரும்பி வந்தது. பேரன் பழியைத் தூக்கிக்கொண்டான். காலொடிந்தவள் பொய்யையும் தூக்கிக்கொண்டாள். போதாததற்கு, தண்டனையும் தனக்குத் தகும் என்று நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். இத்தனையும் யாருக்காக? இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு நிமிர்ந்து நிற்கும் ஒரு கிழவனின் மனம் நோகக் கூடாது என்பதற்காக.

அவர் காலணியைக் கழற்றினார். கட்டிலின் கால்மாட்டில் சாணி மெழுகிய தரையில் உட்கார்ந்தார். உட்கார அவருக்கு நேரம் பிடித்தது. கோகுல்ராஜ் கை கொடுக்க வந்தான், அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"அம்மா, நான்தான் அந்தப் பையனோட தாதா."

மங்கம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பயப்படாத. அந்த எடம் உன்னை ஒண்ணும் செய்யல. அதுல உக்காந்திருந்தவ வாசலுக்கு வந்த கோழியக்கூட வெரட்ட மாட்டா. உன் கால ஒடிச்சது நான். கார் அழகா தெரியணும்னு அதுக்கு ஆகாத அகலத்துல டயர் எடுத்தேன். பேரன் வேணாம்னான், கேக்கல. கடைக்காரர் ஆளை உக்கார வெச்சுப் பாக்கலாம்னாரு, அதையும் கேக்கல. ரெண்டு பேர் உக்காந்தா அந்த டயர் தகட்டுல மாட்டிக்கும், வண்டி திரும்பாது. அதான் நடந்தது. உன் மேல எள்ளளவும் தப்பு இல்ல. நீ குடுத்த வாக்கை நான் திருப்பித் தர்றேன். இனிமே நீ யாருக்கும் பொய் சொல்ல வேணாம்."

வாசலில் சொம்பு டம்ளர் உருளும் சத்தம் கேட்டது. அர்ச்சுனன் மோரோடு நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ.

"அடியே!" என்றான். "என்னிய ஜீப்புல தொங்கிக்கினு போவ சொல்லிட்டு, நீ கார்ல போனியா?"

"போய்ச் சேர்றதுக்குள்ளதான் கால் ஒடிஞ்சு பூடுச்சே!" என்றாள் மங்கம்மாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"என்கிட்டகூட சொல்லல பாரு!"

"சொன்னா நீ ஊர் பூரா சொல்லிடுவ."

கோகுல்ராஜ் உருண்ட டம்ளரை எடுத்துத் துடைத்தான். "அண்ணே, அந்த சீட்டுல நான்கூட உக்காந்துட்டேன், நீங்க இன்னும் உக்காரல. உங்களுக்கு வருத்தம் இருக்கத்தான் செய்யும்."

அர்ச்சுனனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே ஃபரூக் சாகிப் தரையில் இருப்பதைக் கண்டு சிரிப்பை விழுங்கினான். "எழுந்திருங்க சாயபு. பெரியவங்க கீழ உக்காரக் கூடாது. இப்ப டேசன்ல இன்னான்னு எழுதிக் குடுக்கறது? இடிக்கவே இல்லியே."

"நடந்ததை எழுதிக் குடு" என்றார் அவர். "என் பேரைப் போட்டுக் குடு. பையன் பேரை இழுக்காத."

அர்ச்சுனன் போலீஸ் நிலையத்துக்குப் போகவில்லை. ஆனால் ஃபரூக் சாகிப் போகாமல் இருக்கவில்லை. ரேணுகாவைக் கூட்டிக்கொண்டு ஆலங்காயத்துக்கு இறங்கி, நிலையத்தில் தானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, வெயில் சாயும்போது மறுபடி மலை ஏறினார். வாக்குக் கொடுத்தபடி அர்ச்சுனன் வீட்டு வாசலில் நின்றார். அக்கம்பக்கத்துக்காரர்கள் கூடியிருந்தார்கள். குரலைத் தணிக்காமல், காலையில் தரையில் உட்கார்ந்து சொன்னதையே நின்று சொன்னார். தன் தப்பு என்ற சொல்லை அவர் எங்கும் மழுப்பவில்லை.

சொல்லி முடித்ததும் யாரும் அவரைத் திட்டவில்லை. அதுதான் அவருக்குப் பாரமாக இருந்தது. கூட்டத்தில் ஒருத்தி மட்டும் மங்கம்மாளிடம் குனிந்து, "ஏண்டி, சீட்டு எப்பிடி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"மெத்துமெத்துன்னு" என்றாள் மங்கம்மாள்.

கொட்டகைக்குத் திரும்பியபோது ஹுசைஃபா கார் அருகே அப்படியே நின்றிருந்தான். தாத்தாவின் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"மூட்டையோட நின்னாங்க தாதா. பக்கத்து சீட்டு காலியா இருந்துச்சு. எப்படி வுட்டுட்டுப் போறது?"

"வுட்டுட்டுப் போயிருந்தா அதுதான் தப்பு" என்றார் ஃபரூக் சாகிப். "மறைச்சதும் தப்புதான். மறைக்க வெச்சது நான். வா, வூட்டுக்குப் போவோம்."

இதெல்லாம் நடந்து நாளாகிவிட்டது. காரில் இப்போது இருப்பது நூற்று எழுபத்தைந்து அகல டயர். ஹுசைஃபா சொன்ன அளவு. ஆனாலும் ஆலங்காயம் சந்தையில் இன்றைக்கும் ஒரு பேச்சு நடமாடுகிறது: கௌசர் பீவியின் ஆவி, தன் இடத்தில் வந்து உட்கார்ந்த மலைக்காரியைக் காரிலிருந்து பிடித்துத் தள்ளிவிட்டதாம். அப்படி எதுவும் நடக்கவில்லை. டயர் அகலம் அதிகம். தேர்ந்தெடுத்தவர் ஃபரூக் சாகிப்.